இருபத்திரண்டாவது தலை

யாங்கூன் தமிழர் கூட்டுச் சுற்றுலா நற்பணி மன்றத்தின் துணைச் செயலாளர் நான். பெயர் அப்துல் அஜீஸ். தீர்மானம் எழுதுவது, கடிதம் தட்டச்சு செய்வது, தலைவர் பேசி முடித்ததும் முதல் ஆளாகக் கைதட்டுவது ஆகியவை என் பொறுப்பு. பதினோரு வருடங்களாகக் கைதட்டி வருகிறேன். ஒரு தடவைகூட இடம் தவறித் தட்டியதில்லை.

தலைவர் உ சபாபதி. ஷ்வேப்யிதாவில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலை வைத்திருக்கிறார். பெரிய மனிதர்களின் பெயருக்கு முன்னால் 'உ' போடுவது இந்த ஊர் மரியாதை. அந்த 'உ' இல்லாமல் அவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, அவர் மனைவி உள்பட.

வாலிபர்களைப் பட்டாளத்துக்கு எடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, பதினெட்டு வயதுக்கும் முப்பத்தைந்து வயதுக்கும் இடையில் இருக்கிற ஆண்பிள்ளை வெளிநாடு போவது குதிரைக் கொம்பாகிவிட்டது. போகிறவன் திரும்பி வருவதில்லை என்று குடிவரவு ஆபீசில் குறைப்பட்டார்கள். நியாயமான குறைதான். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது எங்கள் தலைவர் மட்டும் ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தார். நான்தான் தட்டச்சு செய்தேன். 'எங்கள் குழுவில் எத்தனை தலை புறப்படுகிறதோ அத்தனை தலை, குறையாமலும் கூடாமலும், திரும்பி வந்து சேரும்.' ஆபீசில் அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சந்தோஷமாக முத்திரை குத்தினார்கள்.

வெறும் வார்த்தையோடு நிற்கவில்லை. ஜோடிப் பொறுப்பு என்று ஒன்றையும் தலைவர் ஏற்பாடு செய்தார். குழுவில் ஒவ்வொருவரும் இன்னொருவருக்காகக் கையெழுத்துப் போடவேண்டும். ஜோடி திரும்பி வராவிட்டால், வந்தவர் விமான நிலையத்திலிருந்து நேராக உள்ளே போகவேண்டும். புருஷன் பெண்டாட்டியைக்கூட இவ்வளவு கெட்டியாக யாரும் கட்டிவைத்ததில்லை.

அப்படித்தான் தென் அமெரிக்கப் பயணம் முடிவானது. ஐந்து நாடு, பதினேழு நாள், இருபத்திரண்டு பேர்.

இருபத்தொரு பேர் சேர்ந்த பிறகு ஒருநாள் காலையில் சாந்தி வந்தாள். தாகேதாவில் வீடு. பருப்புக் கிட்டங்கியில் உட்கார்ந்து சொத்தை பொறுக்குகிற வேலை. தென் அமெரிக்கா போகிற முகம் இல்லை. ஆனால் கியாக்தானில் புருஷன் விட்டுப்போன துண்டு நிலத்தை விற்றுவிட்டு வந்திருந்தாள். அவளுடைய ஒரே மகன் சுரேந்திரன் கப்பலில் வேலைக்குப் போனவன். சிலி நாட்டில் வால்பரைசோ என்ற துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கியவன் மறுபடி ஏறவில்லை. அங்கேயே ஓர் உணவகத்தில் சமையல் வேலை, தங்குவதற்கு அனுமதி அட்டை, குன்றின் மேல் ஓர் அறை. அவனைப் பார்த்து நாலு வருடம் ஆகியிருந்தது.

"ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டு வந்துர்றேன் பாய். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு," என்றாள் என்னிடம்.

தலைவர் அவளை உட்காரவைத்துப் பேசினார். அவர் யாரையும் உட்காரவைப்பவர் அல்லர். மகனுக்கு என்ன வயசு, என்ன உயரம், மீசை வைத்திருக்கிறானா, உடம்பில் அடையாளம் ஏதாவது உண்டா என்றெல்லாம் கேட்டார். இவ்வளவு பெரிய மனுஷர் தன் பிள்ளையைப் பற்றி இவ்வளவு விசாரிக்கிறாரே என்று சாந்திக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாவற்றையும் நான் குறித்துக்கொண்டேன். அவளுக்குப் பதினேழாம் எண் கொடுத்தோம். பதினெட்டாம் எண், அதாவது அவளுடைய ஜோடி, தலைவரின் ஒரே மகன் குணாளன். வீட்டில் குணாளன், பாஸ்போர்ட்டில் அவுங் கோ. இங்கே நம்மவர்களில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு. தலைவரின் மகனுக்குத் தான் பொறுப்பா என்று சாந்தி கூச்சப்பட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வகுப்பு நடந்தது. செயலாளர் மாரிச்சாமி துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வரும்போது விசிலை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார். அவர் விசில் அடித்ததும் ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை வரிசையாகச் சொல்லவேண்டும். அடுத்த வாரம் திரும்பி நின்று சொல்லவேண்டும். கழிப்பறைக்கு ஜோடியாகப் போவது எப்படி, ஒருவருக்கு முடிந்து மற்றவருக்கு முடியாவிட்டால் வெளியே எந்தப் பக்கம் நிற்பது என்பதற்கு இரண்டு வகுப்பு. தென் அமெரிக்காவைப் பற்றிய பாடம் கடைசி ஞாயிறு. அன்றைக்குக் கரண்ட் போய்விட்டதால் அது நடக்கவில்லை.

ஒத்திகைக்காகக் கியாக்தானுக்குப் போனோம். அங்கே ஆற்றின் நடுவே சின்னத் தீவில் பகோடா இருக்கிறது, படகில் போகவேண்டும். படகில் ஏறுமுன் எண்ணினோம். ஏறியபின் எண்ணினோம். இறங்கி எண்ணினோம். அங்கே கெளுத்தி மீன்களுக்குப் பொரி போடுவது வழக்கம். பதினோராம் எண் இராமையா மீனைப் பார்த்துக்கொண்டு நின்றதில் தன் எண்ணைச் சொல்ல மறந்துவிட்டார். மீன் பார்த்த குற்றத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கிக் கோப்பில் சேர்த்தேன்.

பிறகு உண்மையான பயணம். இக்வாசு என்ற இடத்தில் இருநூறுக்கு மேற்பட்ட அருவிகள் ஒன்றாக விழுகின்றன. அந்த இரைச்சலில் விசில் கேட்கவில்லை. பத்து என்று இரண்டு பேர் சொன்னார்கள், பதினொன்று என்று யாரும் சொல்லவில்லை. சத்தம் தெளிவாகக் கேட்கும்வரை பின்னால் நகருங்கள் என்று தலைவர் உத்தரவிட்டார். நகர்ந்தோம், நகர்ந்தோம், கடைசியில் பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிட்டோம். அங்கே எண்ணிக்கை கணீரென்று கேட்டது. அருவி இருந்த திசையில் கொஞ்சம் ஆவி மாதிரி தெரிந்தது. தலைவர் அதைப் பார்த்துப் பேசினார்.

"இயற்கை பெரிதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தண்ணீரைப் பாருங்கள். எத்தனை சொட்டுப் போகிறது? எத்தனை சொட்டுத் திரும்பி வருகிறது? யாராவது பொறுப்பேற்றிருக்கிறார்களா? நம் மன்றத்தின் அருமை இங்கேதான் விளங்குகிறது."

நான் கைதட்டினேன்.

மச்சு பிச்சுவில் உயரம் அதிகம். பதினாலாம் எண்ணான அரிசி மண்டிக்காரர் மனைவிக்கு மூச்சுத் திணறி, எண்ணைச் சொல்ல வாய் வரவில்லை. அவருக்காகப் புருஷன் சொன்னார். ஆண்குரலில் வந்த பதினாலு செல்லாது என்று மாரிச்சாமி சொல்லிவிட்டார். அந்த அம்மாள் நீலம் பாரித்த உதட்டோடு கல்லில் சாய்ந்து கிடந்தார். பிராணவாயு கொடுத்து, நெஞ்சைத் தடவி, அரை மணி நேரம் கழித்து அவர் 'பதினாலு' என்று முனகியபோது மலையை மேகம் மூடிவிட்டது. பரவாயில்லை என்று தலைவர் மேகத்தைக் காட்டிப் பேசினார்.

"இவ்வளவு பெரிய கல்லை இன்கா ராஜாக்கள் தூக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆள் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு அவர்கள் எங்கே?"

எங்களோடு வந்த வழிகாட்டிப் பெண் ஏதோ விளக்க வாயெடுத்தாள். எண்ணும்போது பேசக்கூடாது என்று மாரிச்சாமி விசிலைக் காட்டினார். நாங்கள் எப்போதும் எண்ணிக்கொண்டே இருந்ததால் அவள் பேச்சு அன்றோடு நின்றது. பாவம், நாலைந்து வருடம் படித்துவிட்டு வந்த பெண்ணாம்.

சாந்தி இது எதையும் பார்க்கவில்லை. பையில் மகனுக்காக வறுத்த ஙாப்பி, அதாவது இந்த ஊர் மீன் விழுது, ஒரு பாட்டில் வைத்திருந்தாள். மீனும் காரமும் சேர்ந்த அந்த வாசனை மூடியைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் என் பக்கத்தில் வந்து, "இன்னும் எத்தன நாளு பாய்?" என்று கேட்பாள். அவள் எண்ணியது அது ஒன்றைத்தான்.

பதின்மூன்றாம் நாள் வால்பரைசோ வந்தோம். கடலோரம் ஒரு சதுக்கம். எதிரே குன்றுகள், குன்று முழுக்கச் சாயம் அடித்த வீடுகள். தண்டவாளத்தின் மேல் சின்னப் பெட்டி ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு செங்குத்தாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதில் ஏறினால் மகன் வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம். சாந்தி புதுப் புடவை கட்டியிருந்தாள். தலைவர் முன்னால் போய் நின்றாள்.

"ரெண்டு மணி நேரம் போதுங்கய்யா. பாத்துட்டு ஓடி வந்துருவேன்."

"தாராளமா போம்மா," என்றார் தலைவர். "ஆனா நீ போனா நாங்க இருபத்தொண்ணு. அது நல்லாவா இருக்கு?"

"அப்ப அவன இங்க வரச் சொல்றேங்க."

மாரிச்சாமி குறுக்கிட்டார். "வந்தா இருபத்திமூணு. குறையாமலும் கூடாமலும்னு எழுதிக் குடுத்திருக்கோம். கூடினாலும் குத்தந்தாம்மா."

சாந்தி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கோபப்படவில்லை. தனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள், அதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஆத்திரத்தோடு குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். நின்றபடியே கமிட்டி கூடியது. ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: மகன் வரலாம். ஆனால் எண்ணிக்கையில் சேர்ந்துவிடாதபடி சாலைக்கு அந்தப் பக்கம், இருபது அடி தள்ளி நிற்கவேண்டும். தாய் இந்தப் பக்கம் வரிசையில் நிற்கவேண்டும். பேசிக்கொள்ளலாம்.

சுரேந்திரன் வந்தான். ஒல்லியான ஆள், நீலச் சட்டை, மீசை. அம்மாவைக் கண்டதும் சாலையில் காலை வைத்தான். மாரிச்சாமி விசில் அடித்தார். அவன் காலை எடுத்துக்கொண்டான். நாலு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசியதை நான் கேட்டேன். இரண்டு பேருக்கும் நடுவில் பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"சாப்ட்டியாடா?"

"என்னம்மா?"

"சாப்ட்டியான்னு கேட்டேன்."

"சாப்ட்டேன். நீ எளச்சுப் போயிட்டியே."

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். முடிய ஏண்டா இப்பிடி வெட்டிக்கிட்ட?"

"கேக்கலம்மா."

ஙாப்பி பாட்டிலை எடுத்து உயர்த்திக் காட்டினாள். அவன் சிரித்தான். அவன் சிரித்ததும் இவள் முகத்தைப் புடவையால் மூடிக்கொண்டாள். இருபது நிமிடம் இப்படியே போயிற்று. தொட்டுப் பார்ப்பதற்காக நிலத்தை விற்றவள் அவள்.

மாரிச்சாமி விசில் அடித்தார். ஒன்று, இரண்டு என்று வரிசை ஓடி வந்தது. "பதினேழு," என்றாள் சாந்தி, மகன் மேல் இருந்த கண்ணை எடுக்காமல். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. பதினெட்டு சொல்லாததால் பத்தொன்பது சொல்லவில்லை. வாய் திறக்கக் கூடாது என்று அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தோம்.

"ஒன் ஜோடி எங்கம்மா?" என்றார் மாரிச்சாமி.

சாந்தி திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் காலியாக இருந்தது. "இங்கதாங்க நின்னாரு. இப்பத்தாங்க நின்னாரு," என்று அந்த இடத்தையே கையால் காட்டிக்கொண்டிருந்தாள்.

அன்னிய ஊரில் ஒரே மகனைக் காணோம். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். கண்ணாடியை மட்டும்தான் துடைத்தார். பிறகு பாஸ்போர்ட் பையைத் திறக்கச் சொன்னார். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் மாரிச்சாமியின் பையில்தான் இருக்கும். அவர் எண்ணிவிட்டுத் தலைநிமிர்ந்தார்.

"பாஸ்போர்ட்டு இருபத்திரண்டும் சரியா இருக்குங்க. தலைதான் ஒண்ணு கம்மி."

யார் முதலில் திரும்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள். அங்கே ஒரு தலை இருந்தது. இருபத்தேழு வயது, மீசை, ஏறத்தாழ அதே உயரம்.

தலைவர் சாலையைத் தாண்டினார். குறிப்பெடுக்க நானும் பின்னால் போனேன். அந்த நேரத்தில் வரிசையில் பத்தொன்பது பேர்தான் இருந்தார்கள். அதை யாரும் எண்ணவில்லை.

"தம்பி, எம் மகனுக்குப் பொறுப்பு ஒங்கம்மா," என்றார் தலைவர் அன்பாக. "கையெழுத்துப் போட்ருக்கு. அவன் இல்லாமப் போய் எறங்கினா ஏர்ப்போர்ட்டுலேயே அத உள்ள வச்சுருவாங்க. அஞ்சு வருஷமாவது ஆகும். எம் மகனால ஒரு தாய் செயிலுக்குப் போறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. என் மனசு அப்பிடி."

"நான் என்ன செய்யணுங்க?"

"ஒண்ணும் செய்ய வேணாம். அந்தப் பக்கம் வந்து நில்லு."

"அங்க வந்தா என்னப் பட்டாளத்துக்குப் புடிச்சுருவாங்களே."

"ஒன்ன எப்பிடிப் புடிப்பான்? சுரேந்திரன் சிலியில இருக்கான். நீ அவுங் கோ."

சுரேந்திரன் அம்மாவைப் பார்த்தான். நடப்பது என்னவென்று அவளுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. "வராதடா," என்று கத்தினாள். "நீ போயிருடா, வீட்டுக்குப் போ." நடுவில் ஒரு பஸ் வந்தது. அது போனபோது அவன் பாதிச் சாலையைத் தாண்டியிருந்தான்.

அதற்கு முன்னால் தலைவர் அவனிடம் அறைச் சாவியையும் அனுமதி அட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ரூம்பு சும்மா கிடக்க வேண்டாம் என்றார். மூலையில் இருந்த காபிக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் குணாளன் உட்கார்ந்து குழாய் போட்டு ஏதோ குடித்துக்கொண்டிருந்தான். தலைவர் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். குறிப்புப் புத்தகத்தை மூடச் சொன்னார், மூடினேன். சாவியைக் கொடுக்க அவர் அந்தக் கடைக்குள் போனபோது நான் வெளியே நின்று குன்றைப் பார்த்தேன். பயணத்தில் நான் நிதானமாகப் பார்த்த ஒரே காட்சி அதுதான்.

மறுபடி விசில். "பதினேழு" என்பதைச் சாந்தியால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. "பதினெட்டு," என்றான் அவள் மகன். இருபத்திரண்டு வரை ஓடி முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். முதலில் தட்டியது நான்தான், பழக்கதோஷம். வழிகாட்டிப் பெண் மட்டும் தட்டாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வருகிற வழியில் பதினேழும் பதினெட்டும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. மாறி மாறி மூன்று விமானம். அவன் கையைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை. விமானத்தில் கொடுத்த ரொட்டிக்குள் ஙாப்பியை வைத்து அவனுக்கு ஊட்டினாள். சுற்றி இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவளுக்கு வயிறு நிறைந்திருந்தது, முகமே மாறிவிட்டது.

"பயந்துட்டேன் பாய்," என்றாள் என்னிடம். "ஆனா தலைவரு நல்லவருதான். எம் புள்ளைய எங்கிட்டேயே சேத்துட்டாரு."

ஆமாம் என்றேன். வெட்கமாக இருந்தது. இருந்தாலும் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

யாங்கூனில் அதிகாரி தலைகளை எண்ணினார். இருபத்திரண்டு. அவுங் கோவின் படத்தையும் சுரேந்திரனின் முகத்தையும் பார்த்தார். இரண்டும் கறுப்பு, இரண்டிலும் மீசை. நம்மவர்களின் முகத்தை இங்கே யாரும் அதற்கு மேல் படிப்பதில்லை. முத்திரை விழுந்தது. எங்களைப் போன்ற ஒழுங்கான குழுவைத் தான் பார்த்ததில்லை என்று அவர் தலைவரிடம் கைகுலுக்கிச் சொன்னார்.

தாகேதா வீட்டில் மகன் ஒன்பது நாள் இருந்தான். பத்தாம் நாள் வார்டு ஆபீசிலிருந்து தலைவர் வீட்டுக்கு ஆள் வந்தது. உ சபாபதியின் மகன் அவுங் கோ, வயது இருபத்தாறு, வெளிநாட்டிலிருந்து திரும்பியவர், பட்டாளப் பயிற்சிக்கு வந்து சேரவும். சாந்தி என்னை அழைத்துக்கொண்டு தலைவரிடம் ஓடினாள்.

"அய்யா, அது ஒங்க மகன் பேருங்க."

"ஆமாம்மா. எம் மகன் திரும்பி வந்துட்டான்னு சீல் அடிச்சிருக்கே. வந்தவன் போய்த்தானே ஆகணும்."

"இவன் சுரேந்திரன்னு நான் போய்ச் சொல்லிர்றேங்க."

"சொல்லேன், நான் தடுக்கல," என்றார் தலைவர். "அடுத்தவன் பாஸ்போர்ட்டுல வந்தான்னு அவன் உள்ள போவான். பொறுப்புக் கையெழுத்துப் போட்ட நீயும் உள்ள போவ. வெளிய வந்ததும் பட்டாளத்துக்கு எடுத்துக்குவாங்க, அவனுக்கும் வயசு இருபத்தேழுதானே. யோசிச்சுச் செய்யி. ஒன் நல்லதுக்குச் சொல்றேன்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பயம்.

மன்றத்தின் ஹாலில் வழியனுப்பு விழா நடந்தது. தலைவருக்கு ஆளுயர மாலை. பக்கத்தில் சுரேந்திரன், புதுச் சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு.

"என் ஒரே மகனை நாட்டுக்குக் கொடுக்கிறேன்," என்று தலைவர் குரல் தழுதழுக்கப் பேசினார். "என்னால் முடிந்திருந்தால் இவனை வெளிநாட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். செய்தேனா? உங்கள் கண்முன்னால் கூட்டிக்கொண்டு வந்தேன். சில தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளை ஒளித்து வைக்கிறார்கள். அவர்களுடைய மனசாட்சி எப்படித் தூங்குகிறதோ, எனக்குத் தெரியவில்லை."

தலைவரின் மனைவி தேம்பித் தேம்பி அழுதார். நிஜமான அழுகைதான். அந்த வாரம் வால்பரைசோவில் குளிர் அதிகம் என்று மகன் போனில் சொல்லியிருந்தானாம். சாந்தி நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முன்வரிசை குடும்பத்தாருக்கு. பொறுப்பைச் சரிவர நிறைவேற்றிய சிறந்த ஜோடி என்று அவளை மேடைக்கு அழைத்து ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கிக்கொண்டு மகனுக்கு எதிரே ஒரு நிமிடம் நின்றாள். இறங்கச் சொன்னதும் இறங்கினாள்.

மூன்று மாதம் கழித்துப் பயிற்சி முகாமில் பெற்றோர் வந்து பார்க்க ஒருநாள் அனுமதித்தார்கள். தலைவருக்கு நேரமில்லை, ஐரோப்பியப் பயணத்துக்கான பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அவர் மனைவிக்கு முட்டிவலி. சாந்தி அவர் வீட்டு வாசலில் இரண்டு நாள் நின்றாள். கடைசியில் தலைவர் மனமிரங்கி ஒரு கடிதம் சொன்னார், நான் பர்மியத்தில் தட்டச்சு செய்தேன். 'இதைக் கொண்டு வரும் டோ சாந்தி என் வீட்டு வேலைக்காரி. என் மகனுக்குச் சோறு கொண்டு வருகிறார். உள்ளே விடவும்.' வயதில் மூத்த பெண்களை இங்கே 'டோ' போட்டு அழைப்பார்கள். தலைவர் மரியாதை தெரிந்தவர். அதை நான் அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

"வேலைக்காரின்னா உள்ள விடுவாங்களா பாய்?"

"விடுவாங்க."

"அப்பச் சரி," என்றாள்.

மன்றத்தின் சார்பில் துணைக்கு நான் போனேன். மரத்தடியில் நீள பெஞ்சு, பத்து நிமிடம், பக்கத்தில் ஒரு சார்ஜெண்ட். பர்மியத்தில்தான் பேசவேண்டும் என்பது அங்கே விதி. சுரேந்திரனை அழைத்து வந்தார்கள். தலையை மழித்திருந்தார்கள், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவனைக் கண்டதும் சாந்தி எழுந்து ஓரடி முன்னால் வந்தாள், பிறகு நினைவு வந்து அங்கேயே நின்றுவிட்டாள். முதலாளி வீட்டுப் பிள்ளையைப் போல அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். அவள் நின்றபடியே சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்தாள். சார்ஜெண்ட் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டோ சாந்தி, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டான்.

"நல்லா இருக்காங்க தம்பி." அவள் குழம்பை ஊற்றினாள். "அம்மாதான் ஒங்கள நெனச்சுத் தெனமும் அழுதுக்கிட்டிருக்காங்க."

அவன் சோற்றைப் பிசைந்தான். வெகுநேரம் பிசைந்துகொண்டே இருந்தான்.

"அம்மாவ அழ வேணாம்னு சொல்லுங்க."

"சொல்றேன் தம்பி," என்றாள் சாந்தி.